19 வயதுக்குட்பட்ட மகளிர் கூடைப்பந்து உலகக் கிண்ணம்: முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு

திருகோணமலையில் பெண் பிள்ளைகள் பந்தைக் கையில் எடுத்தால் அது பெரும்பாலும் வலைப்பந்தாகத்தான் இருக்கும். அதனால் 19 வயதுக்குட்பட்ட மகளிர் கூடைப்பந்து உலகக் கிண்ண ஆட்டமொன்று யூடியூபில் ஓடும்போது நம் மாணவிகளுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. வளையம் பழக்கமானது, பலகையும் கடிகாரமும் புதிது. பக்கத்தில் இருந்து பார்க்கும் பெற்றோர் சொல்லுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "அதுகள் எல்லாம் என்ன உயரம்! எங்கட பிள்ளைகளால ஏலுமே?" உயரம் முக்கியம்தான். ஆனால் இந்தப் போட்டியைத் தீர்மானிக்கும் பல விஷயங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். பிறந்த ஆண்டும், சூட் போடக் கொடுக்கும் 24 விநாடியை எண்ணும் கடிகாரமும், பந்தைத் தவறவிடாத கையும் அதே அளவுக்கு முக்கியம்.

உயரம் பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துவிடலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் மகளிர் அணி உயரத்தில் பின்வரிசையில் இருந்த அணி. அது இறுதிப் போட்டிக்கு வந்து அமெரிக்காவிடம் 90–75 என்று தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. வேகமாக ஓடி, தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளி சூட்டுகளைப் போட்டுத்தான் அங்கே வந்தார்கள்.

போட்டியின் வரலாறு, சுருக்கமாக

சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபா இதை முதன்முதலில் 1985இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நடத்தியது. அப்போது வென்றது சோவியத் ஒன்றியம். தொடக்கத்தில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடந்த போட்டி, 2005 தூனிஸ் தொடருக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கிறது. கடைசியாக 2025 ஜூலையில் செக் குடியரசின் பெர்னோ நகரில் நடந்தது. அமெரிக்கா இறுதியில் அவுஸ்திரேலியாவை 88–76 என்று வென்றது.

இதுவரை நடந்த 16 தொடர்களில் 11 அமெரிக்காவுக்கு. மற்ற ஐந்தில் சோவியத் ஒன்றியத்துக்கு இரண்டு (1985, 1989). அவுஸ்திரேலியா (1993), செக் குடியரசு (2001, அதே பெர்னோவில்), ரஷ்யா (2017) ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. 11 கிண்ணம் என்றதும் எல்லாம் சுலபமாக வந்தது என்று நினைக்கக்கூடாது. 2017இல் இத்தாலியின் உதினேயில் அமெரிக்கா ரஷ்யாவிடம் 86–82 என்று தோற்றது. 2019இல் பாங்கொக்கில் அவுஸ்திரேலியாவை வெல்ல மேலதிக நேரம் தேவைப்பட்டது (74–70). 2023இல் மட்ரிட்டில் ஸ்பெயினை வென்றது மூன்றே புள்ளியால் (69–66).

இன்று பெரிய பெயர்களாகத் தெரியும் பலர் இந்த வழியாக வந்தவர்கள். தொடரின் மிகச் சிறந்த வீராங்கனையாக அமெரிக்காவின் மூவர், 2013இல் பிரியானா ஸ்டூவர்ட், 2019இல் பெய்ஜ் பெக்கர்ஸ், 2021இல் கெய்ட்லின் கிளார்க் தெரிவானார்கள். 2023இல் அந்த விருது இறுதியில் தோற்ற ஸ்பெயின் அணியின் இயானா மார்ட்டினுக்குப் போனது, கவனிக்க வேண்டிய விஷயம்.

இதற்கு ஒரு தங்கையும் உண்டு: 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணம். 2010இல் பிரான்ஸில் தொடங்கியது, இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கிறது.

வயதெல்லை: பிறந்த நாள் அல்ல, பிறந்த ஆண்டு

இங்கேதான் பெற்றோரும் சில வேளை ஆசிரியர்களும் தடுமாறுகிறார்கள். "19 வயதுக்குட்பட்ட" என்றால் போட்டி நடக்கும் நாளில் 19 முடியாதவர் என்று அர்த்தமில்லை. போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து 19ஐக் கழியுங்கள். அப்படிக் கிடைக்கும் ஆண்டின் ஜனவரி 1ஆம் திகதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் எல்லாரும் தகுதி. 2025 தொடருக்கு 2025 − 19 = 2006. ஆகவே 2006 ஜனவரி 2ஆம் திகதி பிறந்த ஒருவர், போட்டி நடக்கும் ஜூலையில் 19 வயது கடந்திருந்தாலும் விளையாடலாம். 2005 டிசம்பர் 31இல் பிறந்தவர் இரண்டே நாளால் வெளியே. நம் பாடசாலைப் போட்டிகளின் வயதுப் பிரிவுகள் வேறு கணக்கு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பதால், ஒவ்வோர் அணியிலும் பெரும்பாலும் இரண்டு பிறப்பாண்டுக்காரர் இருப்பார்கள். 2025 அணிகளில் 2006காரரும் 2007காரரும். 2006காரர் ஓராண்டு மூத்தவர், அந்த வயதில் ஓராண்டு என்பது தோளில், தொடையில், பந்தைக் கையாளும் நிதானத்தில் தெரியும். 2007காரருக்கு அடுத்த வாய்ப்பு இல்லை. 2027இல் எல்லை 2008க்கு நகர்ந்துவிடும்.

அப்படியானால் ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவர்களுக்கு எப்போதும் அநியாயமா? இல்லை. கீழ்ப்பிரிவில் கணக்கு தலைகீழாகிறது. 17 வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணம் 2026இல். 2026 − 17 = 2009. அங்கே 2009இல் பிறந்தவர் மூத்தவர், 2010இல் பிறந்தவர் இளையவர். அந்த 2009காரரே 19 வயதுப் பிரிவுக்கு வரும்போது, 2027 தொடரில் 2008காரருக்குப் பக்கத்தில் இளையவராக நிற்பார். 2010காரர் 2029இல் மூத்தவராக வருவார். அதாவது ஒற்றைப்படை ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு நல்ல வாய்ப்பு 16–17 வயதில், இரட்டைப்படை ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு 18–19 வயதில். 15 வயதில் அணிக்குத் தெரிவாகாத 2010காரி ஒருத்தியை "இனி சரிவராது" என்று நிறுத்துவது கணக்குத் தெரியாத முடிவு.

அங்கே போகும் வழி

உலகக் கிண்ணத்தில் 16 அணிகள். போட்டியை நடத்தும் நாடு நேரடியாக வரும். மீதி இடங்களில் ஐரோப்பாவுக்கு ஐந்து, அமெரிக்கக் கண்டங்களுக்கு நான்கு, ஆசியாவுக்கு நான்கு, ஆபிரிக்காவுக்கு இரண்டு. 2017 முதல் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆசியப் போட்டிகளில் விளையாடுகின்றன. ஆசியாவின் நான்கு இடத்துக்கு இவையும் சீனா, ஜப்பான், கொரியா போன்றவையும் மோதுகின்றன என்றால் நெருக்கடி விளங்கும்.

அந்த நான்கு இடத்தைத் தீர்மானிப்பது முந்தைய ஆண்டு நடக்கும் 18 வயதுக்குட்பட்ட ஆசியக் கிண்ணம். இதில் ஏ பிரிவு, பி பிரிவு என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள். உலகக் கிண்ணத்துக்குப் போவது ஏ பிரிவில் முதல் நான்கு இடம் பெறுபவை மட்டும். பி பிரிவில் முதலாவதாக வந்தால் பரிசு உலகக் கிண்ண இடம் அல்ல, அடுத்த தடவை ஏ பிரிவில் விளையாடும் உரிமை. ஏ பிரிவில் கடைசியாக வருவது கீழே இறங்கும். 17 வயதுப் பிரிவுக்கும் இதே ஏணிதான், படி மட்டும் 16 வயதுக்குட்பட்ட ஆசியக் கிண்ணம்.

இலங்கை இருப்பது தெற்காசியத் துணை வலயத்தில், இந்தியா, நேபாளம், மாலைதீவு, வங்காளதேசம் முதலிய நாடுகளோடு. நமக்கு முதல் இலக்கு பி பிரிவுக்குள் நுழைவது, பிறகு அதை வெல்வது. எட்டாத கதை அல்ல. இந்தியப் பிள்ளைகள் 2017இல் பெங்களூரில் 16 வயதுக்குட்பட்ட பி பிரிவை வென்றார்கள், அடுத்த ஆண்டே அதே நகரில் 18 வயதுக்குட்பட்ட பி பிரிவையும் வென்றார்கள். இரண்டிலும் பெரும்பாலும் ஒரே தலைமுறைப் பிள்ளைகள் என்பதைப் பிறப்பாண்டுக் கணக்கே காட்டும்.

ஊர் மட்டத்தில் ஏணியின் அடிப்படி பாடசாலைதான்: வலயம், மாகாணம், பிறகு அகில இலங்கை. திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள். கிழக்கில் கூடைப்பந்து புதிதாக வந்த விளையாட்டும் அல்ல. அமெரிக்க இயேசுசபைக் குருமார் பாடசாலைகளில் இதை வளர்த்தார்கள். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பயிற்றுநராக இருந்த இயூஜின் ஹெபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15இல் காணாமல் போனார், இன்றும் பழைய மாணவர்கள் நினைவில் வைத்திருக்கும் பெயர். அந்த மரபு பெரும்பாலும் ஆண்கள் பாடசாலைகளோடு நின்றுவிட்டது என்பதுதான் குறை.

ஒன்பது நாள், ஏழு ஆட்டம்

16 அணிகளும் நான்கு குழுக்களாகப் பிரியும். குழுவில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டங்கள். யாரும் குழுநிலையோடு வீட்டுக்குப் போவதில்லை. 16 அணிகளும் அடுத்த சுற்றுக்கு வரும், ஆனால் ஒரு குழுவின் முதலாவது அணிக்கு இன்னொரு குழுவின் நான்காவது அணி கிடைக்கும், இரண்டாவதுக்கு மூன்றாவது. அதில் வென்றவை முதல் எட்டு இடங்களுக்கும், தோற்றவை 9 முதல் 16 வரையான இடங்களுக்கும் மோதும். கடைசி நாள்வரை ஒவ்வோர் அணிக்கும் ஆட்டம் இருக்கும். மொத்தம் ஏழு ஆட்டம், ஒன்பது நாளுக்குள். 12 பேர் கொண்ட அணியில் எட்டாவது, ஒன்பதாவது வீராங்கனை யார் என்பது ஆறாம் நாளில்தான் தெரியவரும். ஐந்து பேரை மட்டும் நம்பி வந்த அணி அரையிறுதியில் கால் இழுத்து ஓடும்.

வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கு 1 புள்ளி, ஆடாமல் விட்டுக்கொடுத்தால் 0. சமநிலை என்பதே கிடையாது. நான்கு கால்பகுதி முடிந்தும் சமன் என்றால் ஐந்து நிமிட மேலதிக நேரம், தேவையானால் இன்னுமொன்று.

இரண்டு, மூன்று அணிகள் சம புள்ளியில் நின்றால்? நம் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் சண்டை வருவது இங்கேதான். மொத்தப் புள்ளி வித்தியாசத்தைப் பார்ப்பது பிழை. முதலில் சமனாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் விளையாடிய ஆட்டங்களை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு கற்பனைக் குழு பாருங்கள். திருகோணமலை மட்டக்களப்பை 10 புள்ளியால் வென்றது. மட்டக்களப்பு யாழ்ப்பாணத்தை 4ஆல் வென்றது. யாழ்ப்பாணம் திருகோணமலையை 3ஆல் வென்றது. மூன்றும் அம்பாறையை வென்றன. மூன்றுக்கும் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, 5 புள்ளி. மூவருக்கிடையிலான கணக்கு: திருகோணமலை +10 −3 = +7. யாழ்ப்பாணம் −4 +3 = −1. மட்டக்களப்பு −10 +4 = −6. வரிசை: திருகோணமலை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு. அம்பாறையை மட்டக்களப்பு 50 புள்ளியால் வென்றிருந்தாலும் இந்த வரிசை மாறாது. பலவீனமான அணியை ஏறி மிதித்து வித்தியாசம் சேர்ப்பது வீண் வேலை. நெருங்கிய எதிரணியிடம் தோற்கும்போது 3 புள்ளியோடு நிறுத்துவதா 12 வரை போவதா என்பதே பிறகு கை கொடுக்கும். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகும் பயிற்றுநர் கத்திக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

வலைப்பந்து தெரிந்த கண்ணுக்கு

இலங்கை மகளிர் வலைப்பந்தில் 2018, 2022 ஆசியப் பட்டங்களை வென்ற நாடு. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயர் தெரியாத மாணவி இருக்க மாட்டாள். ஆகவே கூடைப்பந்தை விளக்க வலைப்பந்தில் தொடங்குவதுதான் குறுக்கு வழி. ஆனால் தெரிந்த விஷயமே சில இடத்தில் காலை வாரிவிடும்.

இரண்டு விளையாட்டிலும் வளையத்தின் உயரம் ஒன்றே, 3.05 மீற்றர். வலைப்பந்து வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றர், கூடைப்பந்தில் 45. அதோடு பின்னால் 1.80 மீற்றர் அகலமும் 1.05 மீற்றர் உயரமும் கொண்ட பலகை. அதில் வரைந்திருக்கும் சிறு செவ்வகம் அழகுக்கு அல்ல: பக்கவாட்டிலிருந்து வரும்போது அதன் மேல்மூலையில் பந்தைத் தட்டினால் உள்ளே விழும். வலைப்பந்தில் பழகியவர்கள் பலகையை மறந்து நேராக வளையத்தையே குறிவைப்பார்கள், ஓடி வந்து போடும் லே-அப்பில் பந்து வளைய விளிம்பில் பட்டு வெளியே போகும்.

பந்தும் வேறு. மகளிர் கூடைப்பந்துக்கு 6ஆம் இலக்கப் பந்து, 510 முதல் 550 கிராம். வலைப்பந்து 400–450 கிராம். இந்த 100 கிராம் வித்தியாசம் முதல் கால்பகுதியில் தெரியாது, நான்காவதில் மணிக்கட்டு சொல்லும். பாடசாலைகளில் ஆண்களின் 7ஆம் இலக்கப் பந்தையே பெண் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுவதுண்டு. அது தோளிலிருந்து தள்ளும் பழக்கத்தை உண்டாக்கும், பின்னால் திருத்துவது கஷ்டம்.

மிகப் பெரிய பொறி கால் வைப்பது. வலைப்பந்தில் பந்தோடு இறங்கிய கால் மீண்டும் நிலம் தொடுமுன் பந்தை விட்டால் போதும். கூடைப்பந்தில் நின்ற நிலையில் பந்தைப் பெற்று டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டியபடி நகர்வது) தொடங்குவதானால், அச்சுக் கால், அதாவது ஊன்றிச் சுழலும் கால், தரையைவிட்டு எழுமுன்பே பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். வலைப்பந்து மாணவி முதலில் காலைத் தூக்குவாள், பிறகு பந்தைத் தட்டுவாள். விசில். ஒரு ஆட்டத்தில் நாலைந்து தடவை இப்படிப் போனாலே பிள்ளை பயந்துபோய் டிரிபிள் செய்வதையே நிறுத்திவிடும். திருத்தும் வழி: நின்ற இடத்தில் பந்தைப் பிடித்து, முதல் தட்டு தரையில் பட்ட சத்தம் கேட்ட பிறகே அச்சுக் காலை எடுப்பது. நாளுக்கு ஒவ்வொரு பக்கமும் 20 தடவை, மெதுவாக. வேகம் பிறகு தானாக வரும்.

காவலும் மாறுகிறது. வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். கூடைப்பந்தில் அப்படித் தள்ளி நின்றால் எதிராளிக்கு அது அழைப்பிதழ். இங்கே விதி உடலைப் பற்றியது: எதிராளியைப் பார்த்தபடி இரண்டு கால்களும் தரையில் வைத்து முதலில் இடத்தைப் பிடித்தவருக்கு அந்த இடம் சொந்தம், அவர் மீது ஓடிவந்து மோதினால் தவறு மோதியவருடையது. பிந்தி வந்து குறுக்கே காலை நீட்டினால் தவறு காவலாளியுடையது. வளையத்துக்குக் கீழே 1.25 மீற்றர் ஆரையில் ஓர் அரைவட்டம் இருக்கிறது. பந்தோடு தாவி வருபவர் அதற்குள் நிற்கும் காவலாளியோடு மோதினால் பொதுவாகத் தாக்குபவருக்கு ஃபவுல் கிடையாது.

யார் எங்கே போகலாம் என்ற எல்லையும் கிடையாது. கோல் சூட்டர், கோல் கீப்பர் என்று மார்பில் எழுதிக்கொண்டு வட்டத்துக்குள் நிற்கும் வசதி இல்லை. ஐந்து பேரும் எங்கும் ஓடலாம், ஐந்து பேரும் சூட் போட வேண்டும், ஐந்து பேரும் திரும்பி ஓடிக் காக்க வேண்டும். ஒரே ஒரு தடை: தாக்கும்போது வளையத்துக்கு முன்னால் உள்ள 4.90 மீற்றர் அகலப் பெட்டிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது.

கடிகாரம்

ஆட்டம் நான்கு கால்பகுதி, ஒவ்வொன்றும் 10 நிமிடம். விசில் ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் நிற்பதால் 40 நிமிட ஆட்டம் ஒன்றே முக்கால் மணித்தியாலம் வரை போகும். உண்மையான எசமான் இன்னொரு கடிகாரம்: பந்து கிடைத்ததிலிருந்து 24 விநாடிக்குள் சூட் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும், பிறகு அது வளையத்தைத் தொட வேண்டும். தன் பாதியைத் தாண்ட 8 விநாடி. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைத் தாக்கும் அணியே மீண்டும் பிடித்தால் கிடைப்பது 24 அல்ல, 14.

நம் மைதானங்கள் பலவற்றில் இந்தக் கடிகாரம் இல்லை. அதனால் மாணவிகள் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்து, நல்ல இடம் வரும்வரை காத்திருக்கப் பழகுகிறார்கள். கடிகாரமுள்ள போட்டிக்குப் போனதும் 18ஆவது விநாடியில் பதறிப்போய் 8 மீற்றரிலிருந்து எறிகிறார்கள். உயரமான எதிரணி என்று நாம் சொல்லும் தோல்விகளில் கணிசமான பங்கு இந்தப் பதற்றம். இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு: ஒருவர் கைத்தொலைபேசியின் நேரக்கணிப்போடு கோட்டோரம் நின்று "பத்து", "ஐந்து" என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பயிற்சி ஆட்டத்திலும், விதிவிலக்கின்றி. ஆறேழு கிழமையில் பிள்ளைகளின் தலைக்குள்ளேயே அந்த எண்ணிக்கை ஓடத் தொடங்கும்.

ஃபவுல் கணக்கு இரண்டு. ஒருவர் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே. ஓர் அணி ஒரு கால்பகுதியில் நான்கு ஃபவுல் செய்த பிறகு, அடுத்த ஒவ்வொரு காவல் ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடும் சூட்). ஆகவே திரையில் அணியின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் ஃபவுல் எண்ணிக்கையைப் பாருங்கள். கால்பகுதி தொடங்கி மூன்று நிமிடத்தில் அது 4 ஆகிவிட்டால், மீதி ஏழு நிமிடமும் அந்த அணி கையைக் கட்டிக்கொண்டுதான் காக்க வேண்டும்.

புள்ளிவிவரத் தாளை வாசிப்பது

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஃபீபா புள்ளிவிவரத் தாள் வெளியிடும். எல்லாரும் முதலில் தேடுவது யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்று. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இளையோர் ஆட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது பந்து இழப்பு: தவறான பாஸ், கால் தவறு, 24 விநாடி முடிந்து போனது எல்லாம் இதில் சேரும். ஓர் அணி 12 தடவை இழந்தது, மற்றது 26 தடவை என்று வையுங்கள். இரண்டாவது அணிக்கு 14 சூட் வாய்ப்புக் குறைவு. ஒரு வாய்ப்புக்குச் சராசரி 0.8 புள்ளி என்று எடுத்தாலே 11 புள்ளி போய்விட்டது. இதில் உயரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

அடுத்தது தாக்கும் பக்க ரிபவுண்ட். தன் அணி தவறவிட்ட சூட்டைத் தானே பிடிப்பது இன்னொரு வாய்ப்பு. இங்கே உயரம் பேசும், ஆனால் முழுவதும் அல்ல. சூட் போனதும் எதிராளியை முதுகால் தடுத்து இடம்பிடிக்கும் வேலை கால் வலுவும் பழக்கமும்.

தாளில் ஒரு வீராங்கனையின் பயனைக் காட்டும் எண் இருக்கும். புள்ளி, ரிபவுண்ட், உதவிப் பாஸ், பறித்த பந்து, தடுத்த சூட் எல்லாவற்றையும் கூட்டி, தவறிய சூட், தவறிய ஃப்ரீ த்ரோ, பந்து இழப்பு எல்லாவற்றையும் கழித்தால் அது வரும். 14 புள்ளி, 6 ரிபவுண்ட், 3 உதவி, 2 பறிப்பு: மொத்தம் 25. தவறியது 7 சூட், 2 ஃப்ரீ த்ரோ, 4 பந்து இழப்பு: 13. பயன் 12. 20 புள்ளி எடுத்தும் பயன் 5இல் நிற்பவரைவிட இவர் அணிக்கு உதவியவர். நல்ல காவல் இந்த எண்ணில் அவ்வளவாகத் தெரியாது என்பதையும் மறக்கக்கூடாது.

நம் மைதானத்தில்

சர்வதேசப் போட்டிகள் உள்ளரங்கில், மரத்தளத்தில். நமக்குக் கிடைப்பது திறந்தவெளிச் சீமெந்துத் தளம், கடற்காற்று, வெயில். உப்புக் காற்றில் வளையத்தின் பூட்டாணிகள் துருப்பிடித்து வளையம் முன்பக்கம் சாயும். தளத்துக்கு மேல் புதிதாகச் சீமெந்து பூசினால் வளையம் அந்தளவு தாழ்ந்துவிடும். தவணைக்கு ஒரு முறை அளவுநாடா பிடித்து 3.05 மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள், வளையத்தின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும்.

கோடு போடும்போது நடக்கும் பிழை மூன்று புள்ளிக் கோடு. அதைப் பலகையிலிருந்தோ கடைக்கோட்டிலிருந்தோ அளக்கக்கூடாது. கடைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீற்றர் உள்ளே, வளையத்தின் மையத்துக்கு நேர்கீழே ஒரு புள்ளி குறித்து, அங்கிருந்து 6.75 மீற்றர் கயிறு பிடித்து வில் வரைய வேண்டும். மூலைகளில் வில் அல்ல, பக்கக் கோட்டிலிருந்து 0.90 மீற்றர் உள்ளே நேர்கோடு. ஃப்ரீ த்ரோ கோடு கடைக்கோட்டிலிருந்து 5.80 மீற்றர். அளவு பிழைத்த தளத்தில் ஆயிரம் சூட் போட்டுப் பழகியவள் சரியான தளத்தில் ஒவ்வொன்றையும் அரை அடி குறைவாகவே போடுவாள்.

சீமெந்துக்கு ரப்பர் பந்து போதும். தோல் பந்து ஒரு தவணையில் உரிந்துவிடும். காற்றுச் சரியா என்று பார்க்க, தோள் உயரத்திலிருந்து விட்டால் இடுப்பளவு எழ வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளிச் சூட்டுப் பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரக் காற்றில் பந்து விலகுவதைப் பார்த்து பிள்ளை தன் கையைத் திருத்தத் தொடங்கினால், கெட்டுப்போவது நல்ல கை. பின்னேரம் டிரிபிளுக்கும் காவலுக்கும்.

முழங்கால் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழிவது இந்த விளையாட்டில் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே நடக்கும்: தாவி ஒற்றைக் காலில் இறங்கும்போது, அல்லது திடீரென்று திரும்பும்போது முழங்கால் உள்பக்கம் மடிவதால். சீமெந்துத் தளம் உதவாது. ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து இரண்டு காலாலும் குதித்து, முழங்கால் மடித்து, சத்தம் இல்லாமல் இறங்கி, மூன்று விநாடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். முன்னால் நின்று பாருங்கள்: முழங்கால் கால்விரலுக்கு நேராக இருக்கிறதா, ஒன்றையொன்று நோக்கிச் சாய்கிறதா? சாய்ந்தால் அந்தப் பிள்ளைக்குத் தாவும் பயிற்சியைக் கூட்ட முன் தொடையையும் இடுப்பையும் பலப்படுத்த வேண்டும்.

உடையும் ஆவணமும்

கிண்ணியாவிலும் மூதூரிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: தலையை மூடி விளையாடலாமா? விளையாடலாம். முன்பு முடியாது. 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் ஹிஜாபைக் கழற்றச் சொன்னதால் கட்டார் மகளிர் அணி ஆடாமலே விலகியது. 2017 மே மாதம் ஃபீபா விதியை மாற்றியது, அந்த ஆண்டு ஒக்டோபரிலிருந்து நடைமுறை. நிபந்தனைகள் உண்டு: கறுப்பு, வெள்ளை அல்லது சீருடையின் பிரதான நிறம். ஓர் அணியில் அணிபவர்கள் எல்லாருக்கும் ஒரே நிறம். முகத்தை மறைக்கக்கூடாது, கழுத்திலோ முகத்தைச் சுற்றியோ ஊசி, பொத்தான் போன்றவை இருக்கக்கூடாது, தொங்கும் பகுதியும் கூடாது. சாதாரணத் தலைத்துணியை ஊசியால் குத்திக்கொண்டு வந்தால் நடுவர் திருப்பி அனுப்புவார். இழுத்து மாட்டும் விளையாட்டு ஹிஜாப் வாங்கும்போது 12 பேருக்கும் ஒரே நிறத்தில் ஒன்றாக எடுத்துவிடுவது நல்லது. கைக்கு, காலுக்கு அணியும் இறுக்க உறைகளுக்கும் இதே ஒரே நிற விதி.

நாடு பற்றிய விதியும் இங்கே பலருக்குத் தேவைப்படும், ஏனென்றால் சித்தி பிள்ளை கனடாவில், மாமா பிள்ளை லண்டனில் என்று இருக்கும் குடும்பங்கள் நம்முடையவை. ஒரு நாட்டின் அணியில் விளையாட அந்த நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும். 16 வயதுக்குப் பிறகு அந்தக் குடியுரிமையைப் பெற்றவர்களில் ஒருவருக்கு மட்டுமே அணியில் இடம். ஆகவே வெளிநாட்டில் பிறந்த பிள்ளை ஒருநாள் இலங்கைக்கு ஆட விரும்பினால், குடியுரிமைப் பதிவையும் கடவுச்சீட்டையும் 16ஆவது பிறந்தநாளுக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். ஊரில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் எளிது: பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் பெயரின் எழுத்துகளும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகலாம், அணித் தெரிவுக்கான அழைப்பு அவ்வளவு நாள் முன்கூட்டி வருவதில்லை.